ஆட்டுக்கல் காரின் வெள்ளைப் புகை

யோகராசாவுக்குக் கோபம் வந்தால் வாய் முதல் பஸ்ஸில் போய்விடும். புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. கிண்ணியாத் துறையில், அக்கரைக்குப் போகும் பாதைக்காக நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால், மீன்கூடைக்காரர், பள்ளிக்கூட வாத்திமார், ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி, தான் நானா என்று, அதாவது அண்ணன் என்று, கூப்பிடும் ஸைனுலாப்தீனைப் பார்த்து வாயை விட்டுவிட்டார்.

“நான் போட்ட சீல் ஒழுகுதெண்டால், நானா, இனிமேல் என்ர கை ஸ்பானரைத் தொடாது! இந்தச் சனம் முழுக்கச் சாட்சி!”

சனத்துக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு வேறென்ன வேண்டும்? வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கடல்வாயைக் கடக்கும் அந்த இரும்பு மிதவை, அதற்குத்தான் இங்கே பாதை என்று பெயர், வந்து கட்டும்வரை எல்லோரும் அதையே கதைத்தார்கள். ஏறிய பிறகும் கதைத்தார்கள். பின்னேரத்துக்குள் கதை திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய், மீன்சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி, யோகராசாவின் மனைவி இரத்தினேஸ்வரியின் காதுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

“உங்கட வாய்க்கு முதல்ல ஒரு சீல் போட்டிருக்கலாம்” என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் யோகராசாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சண்டை ஒரு காரைப் பற்றியது. கிண்ணியாவில் மரக்காலை, அதாவது மரம் விற்கும் கடை, வைத்திருந்த ஸைனுலாப்தீன், கொழும்பில் ஒரு தோட்டத்துரையின் வீட்டிலிருந்து வாங்கி வந்த பழைய யப்பான் கார் அது. மற்றக் கார்களின் எஞ்சினுக்குள் பிஸ்டன் இருக்கும். உரலில் உலக்கை போல மேலும் கீழும் குத்தும். இதில் மருந்துக்கும் பிஸ்டன் கிடையாது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது போல, மூன்று மூலை வைத்த இரும்பு ஒன்று உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும். ரோட்டரி எஞ்சின் என்று அதற்குப் பெயர். கிண்ணியாச் சனம் ஒரே நாளில் அதற்கு ஆட்டுக்கல் கார் என்று பெயர் வைத்துவிட்டது. எழுபத்தொன்பதாம் ஆண்டு, யப்பான் வாகனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். அப்படியிருந்தும் திருகோணமலை மாவட்டத்தில் அப்படி ஒரு எஞ்சின் வேறு எவரிடமும் இல்லை.

வந்த புதிதில் அது ஒருநாள் கடுமையாகச் சூடேறி, உள்ளே தண்ணீரையும் நெருப்பையும் பிரித்து வைக்கிற ரப்பர் சீல்கள் கருகிப்போயின. கொழும்பு மெக்கானிக்குமார் கையை விரித்தார்கள். யோகராசா விரிக்கவில்லை. கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் எஞ்சின் பூட்டும் பிற்றராகச் சேர்ந்து, கப்பல் எஞ்சின்களோடு மல்லுக்கட்டிய மனிதர் அவர். உள்துறைமுக வீதியில் இருந்த தன் கராஜில் அந்த எஞ்சினைப் பிரித்தார், புதுச் சீல் போட்டார், பூட்டினார். கார் குருவி மாதிரிப் பறந்தது. ஸைனுலாப்தீன் கிடாய் அறுத்து, புரியாணி ஆக்கி, சட்டியோடு கொண்டுவந்து இறக்கினார். இருவரும் அன்றிலிருந்து சிநேகிதர்.

பிறகுதான் புகை வந்தது. சும்மா புகை இல்லை. பாதையால் இறங்கி, கரையில் வைத்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் கிளம்பும். மீன்கூடைக்காரர் இருமுவார்கள், பின்னால் நிற்கும் பஸ்ஸே மறைந்துபோகும். கொஞ்சத் தூரம் ஓடினால் அடங்கிவிடும். அடுத்த முறை பாதையால் இறங்கினால் மறுபடியும் அதே கூத்து. வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் எரிகிறது. தண்ணீர் எரிகிறதென்றால் சீல் ஒழுகுகிறது. இது பீடி சுற்றுகிறவனுக்கும் தெரியும். போதாக்குறைக்கு, சீல் விற்ற கொழும்புக் கடைக்காரர் தொலைபேசியில் சொல்லிவிட்டார்: “வெள்ளைப் புகை, அதுவும் இனிப்பு மணம் எண்டால், சீல்தான். வேற கதையே இல்லை.” ஸைனுலாப்தீன் யோகராசாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகைக்குழாய்க்கு முன்னால் குந்த வைத்தார். யோகராசா மணந்து பார்த்தார். இனித்தது. அந்த மணம் அவருடைய நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஆனால் சீல் ஒழுகவில்லை. அது அவருக்குத் தெரியும். ரேடியேற்றர் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். சீல் போயிருந்தால் தண்ணீர் கொதிக்க முன்னமே குமிழி விட்டுப் பொங்கும். ஒரு குமிழி இல்லை. தண்ணீர் குறைகிறதா என்று கிழமைக்கணக்காகப் பார்த்தார். குறையவில்லை. ஒயில் கொஞ்சம் குறைந்தது. இந்த எஞ்சின் பிறவியிலேயே ஒயில் குடிக்கிற சாதி, அது புகைந்தால் நீலமாகப் புகையும். அப்படியானால் புகை எங்கேயிருந்து வருகிறது? அதற்குத்தான் அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். யோகராசாவா சொல்வார்? முதலில் பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கு என்றார். டாங்கியைக் கழுவினார்கள், புகைந்தது. கடல் ஈரம் புகைக்குழாயில் ஏறுகிறது என்றார். குழாயைக் காயவைத்தார்கள், புகைந்தது. ஒயில் பம்ப் என்றார். அதுவும் இல்லை.

“யோகு, நீ கிழமைக்கு ஒரு கள்ளனைப் பிடிச்சுக்கொண்டு வாறாய், களவு மட்டும் நிக்குதில்லை” என்று ஸைனுலாப்தீன் அன்றைக்குத் துறையில் வைத்துச் சொன்னார். “எனக்கு இனி ஏலா. சனிக்கிழமை லொறி வருது. காரைக் கொழும்புக்கு அனுப்பி, இந்த ஆட்டுக்கல்லைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, ஒரு வேன் எஞ்சின் வைக்கப் போறன். நஜ்முன் நிஸாக்கு மாசம் நிறைஞ்சு போச்சு. நம்பி ஏத்திக்கொண்டு போக ஒரு வாகனம் வேணும். உன்ர சீல் ஒழுகுது, அதை ஒத்துக்கொண்டிட்டுப் போ.”

நஜ்முன் நிஸா ஸைனுலாப்தீனின் ஒரே மகள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த மனிதருடைய கவலை நியாயமானதுதான். ஆனால் ஒத்துக்கொள் என்ற சொல் விழுந்ததும் யோகராசாவுக்குக் கண் சிவந்துவிட்டது. அதன் பலன்தான் அந்தச் சத்தியம்.

வீட்டுக்கு வந்தவர் கராஜைப் பூட்டினார். புகை எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் வேறொரு வாகனத்தைத் தொடுவதில்லை என்று இருந்துவிட்டார். பழுதான லொறியோடு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். முற்றத்தில் நடந்தார், இருந்தார், மறுபடி நடந்தார். ஸ்பானரை விட்டால் தனக்கு வேறு என்ன தெரியும்? வலை இழுக்கத் தெரியாது. கடை நடத்தத் தெரியாது. நடத்தினாலும் வாற சனத்தோடு சண்டை பிடிப்பார். பயந்தார், ஆனால் பயத்தை விடப் பிடிவாதம் பெரிதாக இருந்தது. சனிக்கிழமைக்கு முன்னம் கள்ளனைப் பிடிக்கிறேனா இல்லையா பார் என்று தன்னோடு தானே சபதம் கட்டிக்கொண்டு நடந்தார்.

வியாழக்கிழமை காலையில் இரத்தினேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்ன இது? இனிப்பே இல்லை.”

“சீனி முடிஞ்சு ரெண்டு நாள். போட்டால்தானே இனிக்கும்? போடாமல் எங்கால இனிக்கிறது?” என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

யோகராசா கோப்பையைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தார். போட்டால்தானே இனிக்கும். அந்தக் காருக்குள் இனிப்பாக யார் என்ன போட்டார்கள்? கடற்படைத் தளத்தில் இங்கிலாந்துக் கப்பல்களில் அவர் கண்டிருக்கிறார்: பனி கொட்டுகிற தேசங்களில் தண்ணீர் உறையாமல் இருக்க ரேடியேற்றருக்குள் ஒரு மருந்து கலப்பார்கள். அந்த மருந்து இனிக்கும். தண்ணீர் எரிந்தால் இனிப்பு மணம் வரும் என்று கொழும்புக்காரர் சொன்னது வெள்ளைக்காரன் ஊருக்கும் யப்பானுக்கும் சரி. கிண்ணியாவில் யாருக்கு என்ன உறையப் போகிறது? ஸைனுலாப்தீனின் சாரதி லாபிர் ரேடியேற்றருக்கு ஊற்றுவது வளவுக் கிணற்றுத் தண்ணீர். அது உப்புக் கரிக்கும். ஆட்டுக்கல்லில் போட்டு அரைத்தாலும் இனிக்காது.

அப்படியானால் அந்த இனிப்பே சாட்சி. தண்ணீர் எரியவில்லை. வேறு ஏதோ எரிகிறது.

எழும்பிக் கராஜைத் திறந்தார். தகரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மணந்தார். பெற்றோல் இல்லை. ஒயில் இல்லை. கிறீஸ் இல்லை. கடைசியாக அலுமாரிக்குப் பின்னால் கிடந்த பிறேக் ஒயில் தகரத்தைத் திறந்தார். லேசாக ஏதோ இனிப்பு மாதிரி. ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எஞ்சினுக்குள் போனால் அது நெருப்பில் அல்லவா வேகும்? நெருப்புக்கு எங்கே போவது? தகரத்தையும் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் போனார். தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருந்தது. இரத்தினேஸ்வரி மாவைக் கரண்டியில் அள்ளித் திரும்புவதற்குள், கல்லின் நடுவில் ஒரு மிடறு பிறேக் ஒயிலை ஊற்றிவிட்டார்.

குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பிக் கூரையில் முட்டியது.

“ஐயோ, என்ர தோசைக்கல்லு! உங்களுக்கு என்ன விசரே?”

“மணந்து பாரும், ரத்தினம்! மணந்து பாரும்! இதுதான்! சத்தியமா இதேதான்!”

இனிப்பும் காறலும் கலந்த அதே மணம். யோகராசா புகைக்கு நடுவில் நின்று இருமிக்கொண்டே சிரித்தார். இரத்தினேஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த மனிதனைக் கட்டிய நாளை நொந்தாள். அப்படியும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டிருந்தாள்.

மிச்சம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. பிறேக் மிதியின் பின்னால் பூஸ்டர் என்று ஒரு இரும்பு உருளை இருக்கிறது. எஞ்சின் இழுக்கிற காற்றால் அது காலுக்குப் பலம் கொடுக்கும். அதனால் அதிலிருந்து ஒரு குழாய் எஞ்சினுக்கே போகிறது. அதற்கு முன்னால் பிறேக் ஒயிலைத் தள்ளுகிற பம்பின் ரப்பர் தேய்ந்திருந்தால், மிதியை அழுத்தி வைத்திருக்கிற நேரமெல்லாம் ஒயில் கசிந்து உருளைக்குள் இறங்கித் தேங்கி நிற்கும். பாதையில் என்ன சட்டம்? ஏறியவுடன் எஞ்சினை நிறுத்த வேண்டும். மற்றவர்கள் கைப்பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கி நிற்பார்கள். இந்தக் காரின் கைப்பிறேக் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்துப் போய், சும்மா பேருக்கு இருந்தது. ஆகையால் லாபிர் அக்கரை சேரும்வரை காலை மிதியிலிருந்து எடுக்க மாட்டான். கடல் முழுக்க மிதித்துக்கொண்டே வருவான். கரையில் வந்து ஸ்டார்ட் பண்ணினதும் தேங்கியதையெல்லாம் எஞ்சின் ஒரே இழுவையில் குடித்துவிட்டுக் கக்கும்.

பிறேக் ஒயில் குறைந்தது ஏன் எவருக்கும் தெரியவில்லை? லாபிர் தம்பலகாமத்து வயல்களில் டிரக்டர் ஓட்டிப் பழகியவன். காலையில் எழும்பினால் எது குறைந்திருக்கிறதோ அதை ஊற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. காரின் பின்பெட்டியில் பிறேக் ஒயில் டின் கிடந்ததை யோகராசாவே கண்டிருக்கிறார். எந்தச் சாரதியிடம்தான் அது இல்லை? தண்ணீர் குறையுதா, தண்ணீர் குறையுதா என்றுதான் ஊரே அவனைக் கேட்டது. இல்லை, இல்லை என்று அவனும் உண்மையைச் சொன்னான்.

அப்போதுதான் யோகராசாவின் சிரிப்பு நின்றது. ஒயில் எஞ்சினுக்குள் போகிறதென்றால் பிறேக்கில் என்ன மிஞ்சும்? அந்தக் கார் ஒவ்வொரு முறையும் கடலைப் பார்த்துச் சரிந்த இறக்கத்தில் இறங்கித்தானே பாதையில் ஏறுகிறது. கியரைப் போட்டுப் பிடிக்கலாம் என்றால், இந்த எஞ்சின் பிடிக்காது. அது லேசாகச் சுற்றிக்கொண்டே போய்விடும்.

“எங்க போறியள்? தோசை?” என்று இரத்தினேஸ்வரி கேட்டபோது அவர் படலையைத் தாண்டிவிட்டார். சேட்டுப் பொத்தானை மாற்றிப் பூட்டியிருந்தார். கையில் ஒரு கருவிகூட எடுக்கவில்லை.

பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போனது. சாரதியைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டும் விட்டார். இக்கரையில் பாதை அவருக்காகவே நின்றது போலக் கட்டிக் கிடந்தது. ஏறி முன்விளிம்பில் நின்றார். கிண்ணியாக் கரை கிட்டக் கிட்ட, இறக்கத்தின் தலையில் அந்தப் பச்சை நிற ஆட்டுக்கல் கார் நிற்பது தெரிந்தது. முன்சில்லுக்குக் கீழே ஒரு கல் வைத்திருந்தார்கள். பாதை கட்டமுன்னமே பாய்ந்து இறங்கி ஓடினார்.

காரின் பின்னால் ஸைனுலாப்தீனின் மனைவி உம்மு குல்சும் இருந்தாள். அவள் மடியில் தலையை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நஜ்முன் நிஸா. நோவு தொடங்கியிருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டாளாம். லாபிர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தான். ஸைனுலாப்தீன் வெளியே நின்று பாதைக்காரருக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

“நானா, காரை இறக்காதீங்கோ! புகை வந்தது பிறேக்கால! பிறேக் ஒயில் எஞ்சினுக்குள்ள போகுது!”

ஸைனுலாப்தீன் திரும்பிப் பார்த்தார். “இப்ப பிறேக்கா? அடுத்த கள்ளனைப் பிடிச்சிட்டாயா? நல்லது. தள்ளு.”

“லாபிர், நீ சொல்லு! பிறேக் ஒயில் ஊத்துறனியா?”

“ஒவ்வொரு நாளும் காலமை ஊத்துறனான், அண்ணன். நேத்தோட டின் முடிஞ்சு போச்சு. இண்டைக்கு ஊத்தயில்ல” என்றான் லாபிர்.

“ஒயில் ஊத்தாத கார் உலகத்தில எங்க இருக்கு?” ஸைனுலாப்தீனின் குரல் உடைந்தது. “யோகு, உன்ர சத்தியத்தைக் காப்பாத்த இதுவா நேரம்? பிள்ளை துடிக்குது. உனக்கு உன்ர சீல், உன்ர பேர். வழியை விடு! லாபிர், ஸ்டார்ட் பண்ணு. கல்லை எடுங்கடா!”

யோகராசா அவருடைய கண்களைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. வெறும் பயம். இந்த மனிதருக்கு இப்போது பூஸ்டரையும் குழாயையும் விளக்க முடியாது. விளக்கினாலும், சத்தியத்துக்குப் பயந்த ஒருவன் புளுகுகிறான் என்றுதான் கேட்கும். இத்தனை கிழமையாகக் கள்ளன் கள்ளன் என்று கத்திய தன் வாயை அவர் அந்த நிமிடத்தில் வெறுத்தார். யாரோ கல்லை எடுக்கக் குனிந்தார்கள். யோகராசா அந்தக் கல்லின் மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டார்.

“நானா, சீல்தான்” என்றார் உரக்க. “நான் போட்ட சீல்தான் ஒழுகுது. பிழை என்ரதான். நீங்கள் சொன்னது சரி, நான் ஒத்துக்கொள்ளுறன். எஞ்சின் இண்டைக்கு இறுகப் போகுது. பாதையில ஏறினால் அக்கரையில ஸ்டார்ட் வராது. பிள்ளையோட நடுவழியில நிப்பியள். காரை விடுங்கோ, கதிரையில வைச்சுத் தூக்குவம். அக்கரையில வேன் ஒண்டு நிக்குது, நான் கண்டனான்.”

சத்தியம் செய்தபோது நின்ற மீன்கூடைக்காரர் அன்றைக்கும் நின்றார்கள்.

ஸைனுலாப்தீன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாள் எடுத்ததா?” என்றார். அந்தக் கேள்வியில் இருந்த வெறுப்பு யோகராசாவின் உடம்பைச் சுட்டது. ஆனால் கார்க் கதவு திறந்தது. அது போதும்.

தேத்தண்ணிக் கடையிலிருந்து நாலு கால் கதிரை ஒன்று வந்தது. நஜ்முன் நிஸாவை அதில் இருத்தினார்கள். கதிரையின் ஒரு காலைப் பிடிக்க யோகராசா கையை நீட்டினார்.

“நீ தொடாதே” என்றார் ஸைனுலாப்தீன்.

மீன்கூடைக்காரர் இருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிடித்தார்கள். உம்மு குல்சும் மகளின் தலைக்கு மேல் சீலைத் தலைப்பை விரித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். பாதை கயிற்றை அவிழ்த்தது. யோகராசா தண்ணீர் விளிம்பில் போய் நின்று, அது விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ, “அப்ப இனி மெக்கானிக் வேலை இல்லை” என்று சொல்லிச் சிரித்தது கேட்டது. அவர் திரும்பவில்லை. அழுகை வந்தது; வெட்கத்தால் வந்ததா, பிள்ளை காரை விட்டு இறங்கிவிட்டாளே என்ற ஆறுதலால் வந்ததா என்று அவருக்கே பிடிபடவில்லை.

இறக்கத்தின் தலையில் ஒரு பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. காரைப் பின்னால் எடுத்து வழிவிடச் சொன்னார்கள். லாபிர் பாவம், சொன்னதைச் செய்கிற பையன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினான். வெள்ளைப் புகை மேகமாகக் கிளம்பியது. புகைக்குள் யாரோ கல்லைத் தள்ளிவிட்டார்கள்.

“கல்லை எடுக்காதை! லாபிர், இறங்கு!” என்று யோகராசா கத்தினார்.

கார் பின்னால் போகவில்லை. முன்னால் உருண்டது. லாபிர் பிறேக்கை மிதித்தான். மிதி தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தான், ஒன்றும் இல்லை. கைப்பிறேக்கை இழுத்தான், கம்பி அறுந்து கையோடு வந்தது. யோகராசா ஓடிப்போய்க் கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். இரண்டு அடி இழுபட்டு விழுந்தார். கார் அவரைத் தாண்டி, சற்று முன்னர் பாதை கட்டியிருந்த அதே இடத்தால் கடலுக்குள் இறங்கி, முன்பக்கத்துப் பொனற் மூழ்க நின்றது. சூடான இரும்பில் உப்புத் தண்ணீர் பட்டுச் சீறியது. லாபிர் யன்னலால் வெளியே வந்து, நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “அண்ணன், பிறேக் இல்லை! பிறேக் இல்லை, அண்ணன்!” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பாதை இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்விளிம்பில் ஸைனுலாப்தீன் நின்றார். அவர் இரண்டு கையையும் தலையில் வைத்திருப்பதைக் கரையில் இருந்த எல்லோரும் கண்டார்கள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பாதை அவரைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியது. அதற்குள் யோகராசா கரைவலைக்காரரைப் பிடித்து, அவர்களுடைய கயிற்றைக் காரின் அச்சில் கட்டி, ஆளும் பேருமாக இழுத்துக்கொண்டிருந்தார். காலையில் குடித்த அந்த ஒரு வாய் தேத்தண்ணிக்குப் பிறகு பச்சைத் தண்ணி வாயில் படவில்லை. காருக்கு மிகக் கிட்ட, கயிற்றின் முதல் ஆளாக, அவர்தான் தண்ணீருக்குள் நின்றார்.

ஸைனுலாப்தீன் நேரே கயிற்றடிக்கு வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். யோகராசாவுக்கு அடுத்ததாகக் கயிற்றைப் பிடித்தார். கொஞ்ச நேரம் இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

“பிள்ளை?” என்று கேட்டார் யோகராசா.

“பொம்புளப் பிள்ளை. வயித்தைக் கீறித்தான் எடுத்தாங்க. ரெண்டு உயிரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்.”

யோகராசா கண்ணை மூடித் திறந்தார். மறுபடி இழுத்தார்கள். கார் ஒரு முழம் அசைந்தது.

“காலமை நீ சொன்னது பொய்தானே?” என்றார் ஸைனுலாப்தீன். அவர் குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

“ஓம்.”

“சீல் ஒழுகயில்ல.”

“இல்லை, நானா.”

“பிறகு ஏன்டா அப்படிச் சொன்ன? அவ்வளவு சனத்துக்கு முன்னால?”

“ஒழுகேல்லை எண்டு எத்தினை கிழமையா உண்மையைச் சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை” என்றார் யோகராசா. “ஒருக்காப் பொய் சொன்னன், உடனே கேட்டியள்.”

ஸைனுலாப்தீன் கயிற்றை விட்டுவிட்டார். பின்னால் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் தடுமாறித் திட்டினார்கள். அவர் அந்தத் தண்ணீருக்குள் நின்றபடியே யோகராசாவின் தோளை இரண்டு கையாலும் பிடித்தார். அழுதார். மரக்காலை முதலாளி அழுவதைக் கிண்ணியா அதற்குமுன் பார்த்ததில்லை.

“இனி நீ பொய் சொன்னாலும் நம்புவன், யோகு” என்றார்.

“அதைப் பிறகு கதைப்பம், நானா. முதல்ல கயித்தைப் பிடியுங்கோ” என்றார் யோகராசா. “உப்புத் தண்ணி எஞ்சினுக்குள்ள ஏறுது. இண்டைக்கே பிரிச்சுக் கழுவாட்டித் துருப்பிடிச்சுப் போகும்.”